அன்னா ராஜம்: ஓர் ஆணையும் ஒரு துறைமுகமும்



பொருளாதாரக் கொள்கை என்பது தில்லியில் எழுதப்பட்டு அங்கேயே கட்டி வைக்கப்படும் காகிதம் என்று கருதுவோர் பலர். கொச்சியில் மட்டாஞ்சேரிக் கடைவீதியில் வாழ்வோர் அவ்வாறு கருதுவதில்லை. மிளகும் சுக்கும் ஏலமும் கயிறும் இவ்வூர்க் கிடங்குகளிலிருந்து உலகெங்கும் சென்றன. ஏற்றுமதி விதி ஒன்று மாறினால் இங்கே கிடங்கின் கதவு அகலத் திறக்கும். மற்றொன்று மாறினால் அதே கதவுக்குப் பூட்டு விழும். மிளகு வியாபாரிகள் ஒன்றுகூடி, முன்பேர வர்த்தகத்துக்கென்று 1957ஆம் ஆண்டில் ஒரு சங்கத்தையே இங்கு நிறுவினர். அரசாங்கத்தின் கோப்பில் எழுதப்படும் ஒரு வரி, கடைவீதியில் ஒரு குடும்பத்தின் அன்றாட உணவாகவோ பட்டினியாகவோ மாறும் என்பதை இவ்வூரார் அனுபவத்தால் அறிந்தவர்கள்.

குஜராத்தியரும் கொங்கணியரும் கச்சி மேமன்களும் யூதர்களும் வந்து வாழ்ந்த இவ்வட்டாரத்தில் தமிழர்களும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். டச்சுக்காரர்களின் காலத்தில் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டதாகக் கூறப்படும் வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள், அடுத்துள்ள கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் இன்றும் தம் தொழிலை நடத்துகின்றனர். வணிகத்தை நாடி வந்தவர்களும், மத்திய அரசாங்க அலுவலகங்களுக்கு மாற்றலாகி வந்தவர்களும் உண்டு. கொச்சியில் மட்டுமா? பம்பாயிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் தமிழ்க் குடும்பங்களின் நிலை இதுவே. இவ்வீடுகளில் இன்று பட்டம் பெற்ற பெண்கள் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் ஐ.ஏ.எஸ். தேர்வு எழுத விரும்புகின்றனர். அப்பொழுது வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது: "தேர்வு எழுதுவது சரி; மணமான பிறகு அந்த உத்தியோகம் என்னாவது?"

இக்கேள்வி வீட்டாருடையது மட்டும் அன்று. ஒரு காலத்தில் அரசாங்கமே இதனைக் கேட்டது. கேட்டதோடு நில்லாமல், விடையையும் தானே எழுதி முத்திரையிட்டு அனுப்பியது. அந்த விடையைப் பெற்றுக்கொண்டும் பணியில் சேர்ந்து, இந்தியாவின் பெருந்துறைமுகம் ஒன்றின் தலைவராக உயர்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி இன்று நாம் பேசவிருக்கிறோம். அவர் பெயர் அன்னா ராஜம் மல்ஹோத்ரா. சுதந்திர இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி அவரே.

திருவிதாங்கூரில் நிரணம் என்னும் ஊரில் பிறந்தவர் அன்னா ராஜம் ஜார்ஜ். வளர்ந்தது கோழிக்கோட்டில். அந்நகரின் பிராவிடன்ஸ் பெண்கள் கல்லூரியிலும் மலபார் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றபின், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பொருளாதாரம் படித்தவர் அல்லர். துறைமுகப் பொறியியல் படித்தவரும் அல்லர். இலக்கியம் படித்தவருக்கு நிர்வாகம் எதற்கு என்று கேட்போருக்கு இவருடைய வாழ்க்கையே ஒரு மறுமொழி.

1950ஆம் ஆண்டில் அவர் சிவில் சர்வீஸ் தேர்வை எழுதினார். அவ்வாண்டின் ஜனவரி 26ஆம் நாள் நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அரசாங்க வேலையில் ஆண், பெண் என்ற வேறுபாடு காட்டலாகாது என்று அதன் 16ஆம் பிரிவு விதித்துவிட்டது. ஆயினும் சட்டம் ஒரு நாளில் மாறுவதுபோல் மனம் மாறுவதில்லை. நேர்முகத் தேர்வில், தேர்வாணையத் தலைவர் ஆர். என். பானர்ஜியின் தலைமையில் அமர்ந்திருந்த மூத்த ஐ.சி.எஸ். அதிகாரிகள் அவருக்கு ஓர் அறிவுரை கூறினர். வெளிநாட்டுப் பணியும் பிற மத்தியப் பணிகளும் பெண்களுக்குப் பொருத்தமானவை. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்பது அவர்கள் கருத்து. அன்னா ராஜம் இணங்கவில்லை. ஐ.ஏ.எஸ். பணியே வேண்டும் என்றார். சென்னை மாநிலத்தையே தேர்ந்தெடுத்தார். 1951ஆம் ஆண்டில் பணி கிடைத்தது.

நியமன ஆணையும் வந்தது. அதில் ஒரு வரி இருந்தது. திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்குக் கொண்டுவரப்படும் என்பதே அதன் பொருள்.

மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நமக்கு, ஆணைகளின் சொற்களை நிறுத்துப் பார்ப்பதே தொழில். "செய்ய வேண்டும்" என்பதற்கும் "செய்யலாம்" என்பதற்கும் உள்ள தொலைவு, ஓர் ஊழியரின் வாழ்நாள் முழுவதையும் கடக்கும் தொலைவாக இருக்கக்கூடும். அன்னா ராஜத்துக்கு வந்த ஆணையில் ஐயத்துக்கு இடமே இல்லை. 1954ஆம் ஆண்டில் ஐ.ஏ.எஸ். நியமன விதிகள் தொகுக்கப்பட்டபோது அக்கருத்து சற்று மென்மையான உடையை அணிந்துகொண்டது. மணமான பெண் இப்பணியில் நியமனம் பெறுவதை உரிமையாகக் கோர இயலாது. பணியில் சேர்ந்த பெண் பின்னர் மணந்துகொண்டால், பணியின் திறமையைப் பேணுவதற்குத் தேவையென்று தோன்றுமாயின் அரசாங்கம் அவரை விலகும்படி கேட்கலாம் என்பது அவ்விதியின் சாரம். "முடிவுக்கு வரும்" என்றிருந்தது "கேட்கலாம்" என்றாயிற்று. ஆனால் மணமான ஆணின் திறமை குறித்து எந்த விதியும் ஐயுறவில்லை. சொல் மென்மையாயிற்றே தவிர, சுமை குறையவில்லை.

சென்னைக்கு வந்து சேர்ந்தபோது முதலமைச்சராக இருந்தவர் ராஜாஜி. பெண்கள் இத்தகைய பணிக்கு வருவதில் அவருக்கு ஒப்புதல் இல்லை. மாவட்டத்தில் சப் கலெக்டர் பதவி தருவதற்குப் பதிலாகத் தலைமைச் செயலகத்தில் ஓர் இடம் தரலாம் என்ற பேச்சு எழுந்தது. இதனை ஒரு சலுகையாகவே பலர் எண்ணியிருப்பர். வெயில் இல்லை, சுற்றுப்பயணம் இல்லை, கலகம் இல்லை. மின்விசிறியின் கீழ் அமர்ந்து கோப்புப் பார்க்கலாம். ஆனால் அன்னா ராஜம் இச்சலுகைக்குள் இருந்த இழப்பைக் கண்டுகொண்டார். நிலவரி வசூலும் சட்டம் ஒழுங்கும் மாவட்டத்தில்தான் கற்கப்படும். அதனைக் கல்லாதவருக்குப் பிற்காலத்தில் பெரிய பொறுப்புகளை எவர் தருவார்? குதிரையேற்றத்திலும் துப்பாக்கி சுடுவதிலும் நீதிபரிபாலன அதிகாரங்களைப் பயன்படுத்துவதிலும் தமக்குப் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது. ஆண்களுக்கு ஒரு சிறிதும் தாம் இளைத்தவர் அல்லர் என்று வாதாடினார். வாதம் வென்றது. ஓசூரில் சப் கலெக்டராக அமர்ந்தார். அப்பதவியை வகித்த முதல் பெண் அவரே.

இதில் ஒரு வியப்பும் உண்டு. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி கிராமம் ஓசூரை அடுத்தே உள்ளது. எந்தப் பெண்ணை மாவட்டத்துக்கு அனுப்பத் தயங்கினாரோ, அந்தப் பெண்ணே அவருடைய சொந்த மண்ணை ஆளச் சென்றார். பின்னாளில் ராஜாஜி தம் கருத்தை மறைத்துக்கொள்ளவும் இல்லை, அதிலேயே பிடிவாதமாக நிற்கவும் இல்லை. திருச்சியில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில், முன்னேற்றமடைந்த பெண்ணுக்கு எடுத்துக்காட்டாக அன்னா ராஜத்தையே குறிப்பிட்டார். கருத்தை மாற்றிக்கொள்ளும் பெருந்தன்மை பெரியவர்களுக்கும் எளிதாக வாய்ப்பதில்லை; அது ராஜாஜிக்கு வாய்த்தது என்பதையும் நாம் பதிவு செய்தல் வேண்டும்.

ஓசூர் நாட்களைப் பற்றி அவரே கூறிய இரண்டு செய்திகள் உண்டு. ஆறு யானைகள் ஊருக்குள் புகுந்துவிட்டன. அவற்றைச் சுட்டுத் தள்ள அனுமதி கேட்டனர். சுடுவதற்குப் பயிற்சி பெற்றிருந்தவர் அவர்; எனினும் சுட ஒப்பவில்லை. யானைகளைக் காட்டுக்கே திருப்பி ஓட்டச் செய்தார். மற்றொன்று, ஒரு கிராமத்துக்குக் குதிரைமீது அவர் சென்றபோது நிகழ்ந்தது. பெண் அதிகாரி வந்திருக்கிறார் என்று கேட்டு ஊர்ப் பெண்கள் பார்க்கத் திரண்டனர். அவரைச் சுற்றிச் சுற்றி உற்றுப் பார்த்த கிழவி ஒருத்தி, இவளும் நம்மைப்போலத்தான் இருக்கிறாள் என்றாளாம். கிழவி ஏமாற்றத்தோடு சொன்னாள் என்று முதலில் தோன்றும். சற்றே எண்ணிப் பார்த்தால், ஓர் அதிகாரிக்குக் குடிமக்கள் தரக்கூடிய உயர்ந்த நற்சான்று அதுவே என்பது விளங்கும்.

மாநிலத்தில் அவர் பணியாற்றிய காலத்தில் முதலமைச்சர்கள் எழுவர் மாறினர். பின்னர் மத்திய அரசாங்கத்துக்குச் சென்றார். உணவு உற்பத்தி நிலையை நேரில் அறிய இந்திரா காந்தி எட்டு மாநிலங்களில் சுற்றுப்பயணம் மேற்கொண்டபோது, கணுக்கால் எலும்பு முறிந்திருந்தும் அன்னா ராஜம் உடன் சென்றார். 1982ஆம் ஆண்டில் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது, ராஜீவ் காந்தியோடு இணைந்து அதன் ஏற்பாடுகளைக் கவனித்தார். மத்திய கல்வித் துறையிலும் உயர்ந்த பொறுப்பு வகித்தார். எனினும் அவர் பெயரோடு நிலைத்து நிற்பது ஒரு துறைமுகம். அதன் பெருமையை உணர்வதற்கு மட்டாஞ்சேரியைவிட ஏற்ற இடம் வேறில்லை.

பழைய துறைமுகத்தில் வேலை எவ்வாறு நடந்தது? மட்டாஞ்சேரிக் கிடங்கில் மூட்டை தைக்கப்படும். தொழிலாளியின் முதுகில் ஏறி வள்ளத்துக்குப் போகும். வள்ளத்திலிருந்து கப்பலுக்கு ஏறும். ஒவ்வொரு மூட்டையையும் பலர் தொட்டாக வேண்டும். கொச்சித் துறையின் வாயிலில் இருந்த மணல்திட்டை வெட்டி, பெருங்கப்பல்கள் உள்ளே வர வழிசெய்தவர் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர். ஆழப்படுத்தியபோது கிடைத்த மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. 1936ஆம் ஆண்டில் கொச்சி பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. கப்பல் வந்தது, கூலி வேலையும் பெருகிற்று. ஆனால் அந்த வேலையை அடைவதற்குத் தொழிலாளி என்ன செய்யவேண்டியிருந்தது தெரியுமா? சாப்பா என்னும் உலோக வில்லைகளைக் கங்காணி கூட்டத்தினிடையே வீசியெறிவான். அடித்துப் பிடித்து அதைக் கைப்பற்றியவனுக்கே அன்று வேலை. இம்முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் மாண்டன. துறைமுக நிர்வாகம் என்பது கப்பலையும் சரக்கையும் பற்றியது மட்டும் அன்று, மனிதரைப் பற்றியதும் ஆகும் என்பதற்கு இம்மண்ணே சாட்சி.

இந்த மூட்டை உலகத்தை மாற்றிவிட்டது ஓர் இரும்புப் பெட்டி. 1956ஆம் ஆண்டில் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்கர், ஐடியல் எக்ஸ் என்னும் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கண்டெய்னர் என்று நாம் இன்று அழைக்கும் பெட்டிகள் அவையே. கிடங்கில் மூடப்படும் பெட்டி, வெளிநாட்டில் வாங்குவோரின் வாசலில்தான் திறக்கப்படும். இடையில் ஒருவரும் சரக்கைத் தொட வேண்டுவதில்லை. 1973ஆம் ஆண்டில் கொச்சித் துறைமுகத்துக்கும் கண்டெய்னர் கப்பல் வந்தது. நாட்கணக்கில் நடந்த ஏற்றுமதி மணிக்கணக்கில் முடியலாயிற்று. அதே வேளையில், மூட்டை சுமந்த முதுகுகளுக்கு வேலை குறையலாயிற்று. கொள்கையின் நன்மையும் தீமையும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டு வரும் என்பதை மட்டாஞ்சேரி அன்றே கண்டது.

கண்டெய்னருக்கு ஆழமான துறையும் பெரிய பாரந்தூக்கிகளும் மட்டும் போதா. எந்தப் பெட்டி எங்கே அடுக்கப்பட்டுள்ளது, அதன் உரிமையாளர் யார், சுங்கவரி தீர்ந்ததா, எந்தக் கப்பலில் எந்த வரிசையில் ஏறவேண்டும் என்ற கணக்கு நொடிதோறும் சரியாக இருத்தல் வேண்டும். ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இடத்தில் ஒரு பெட்டியைத் தவறாக வைத்தால், அதை எடுக்கப் பல பெட்டிகளை நகர்த்த வேண்டும். பேரேட்டில் எழுதிச் சமாளிக்கக்கூடிய கணக்கன்று இது. ஆகவே கணினி தேவையாயிற்று.

பம்பாய்த் துறைமுகம் நெரிசலில் மூச்சுத் திணறிய காலத்தில், வளைகுடாவின் எதிர்க்கரையில் நவா ஷேவா என்னும் இடத்தில் புதிய துறைமுகம் கட்டத் திட்டமிடப்பட்டது. கண்டெய்னர்களைக் கையாளவும், உரம் போன்ற சரக்குகளை மொத்தமாக இறக்கவும் வசதிகள் அமைந்தன. நாட்டின் முதல் கணினிமயக் கண்டெய்னர் துறைமுகமாகிய அதனை உருவாக்கும் பொறுப்பு அன்னா ராஜத்திடம் வந்தது. ஜவாஹர்லால் நேருவின் பெயரைத் தாங்கி அத்துறைமுகம் 1989ஆம் ஆண்டு மே மாதத்தில் செயற்படத் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது. ஒரு துறைமுகத்தைத் தனியொருவர் கட்டிவிட முடியாது. பொறியாளரும் தொழிலாளரும் சேர்ந்து கட்டியதே அது. எனினும் பல அமைச்சகங்களையும் ஒப்பந்தக்காரரையும் ஒரே திசையில் நடத்திச் செல்லும் கைவண்ணம் இல்லையேல், திட்டம் கோப்பாகவே முடிந்துபோகும். அக்கைவண்ணத்தை அவர் கற்றது ஓசூரில். செயலகத்து மின்விசிறியை அன்று ஏற்றிருந்தால், இந்தத் துறைமுகம் அவர் கைக்கு வந்திருக்குமா என்பது ஐயமே.

இன்று இது நாட்டின் மிகப் பெரிய கண்டெய்னர் துறைமுகங்களுள் ஒன்று. கொச்சியிலும் 2011ஆம் ஆண்டில் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது.

இனி, அந்த ஆணையின் வரிக்கு வருவோம். அன்னா ராஜம் தம்மோடு பணியில் சேர்ந்த ஆர். என். மல்ஹோத்ராவை மணந்தார். 1985 முதல் 1990 வரை ரிசர்வ் வங்கியின் கவர்னராக இருந்தவர் அவர். மணத்தின் காரணமாக அன்னா ராஜத்தின் பணி முடிந்துபோகவில்லை. விதி அதற்குள் மாறிவிட்டது. ஆனால் விதி தானாக மாறவில்லை என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும். வெளிநாட்டுப் பணியின் முதல் பெண் அதிகாரியான சி. பி. முத்தம்மாவின் கதையை இதனோடு சேர்த்தே சொல்லவேண்டும். குடகில் பிறந்து சென்னையில் பயின்று, 1949ஆம் ஆண்டில் பணியில் சேர்ந்தவர் அவர். மணந்துகொண்டால் விலகிவிடுவதாக அவரிடம் எழுதி வாங்கப்பட்டது. பெண்ணுக்குப் பொருத்தமான பணி என்று தேர்வாளர்கள் காட்டிய வெளிநாட்டுப் பணியிலும் இதே வரிதான் காத்திருந்தது!

ஆண்டுகள் பல கடந்து, தமக்கு உரிய பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றத்தை அணுகினார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அவருக்குப் பதவி உயர்வு அளிக்கப்பட்டது. ஆகவே மனு தள்ளுபடியாயிற்று. ஆயினும் 1979ஆம் ஆண்டில் தீர்ப்பை எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அத்தோடு விடவில்லை. மணந்துகொள்ளப் பெண் அதிகாரி மட்டும் அனுமதி பெறவேண்டும், குடும்பப் பொறுப்பு காரணமாக அவளை மட்டும் விலகச் சொல்லலாம் என்ற விதிகள் வெளிப்படையான பாரபட்சமே என்று கடிந்தெழுதினார். பணி விதிகள் அனைத்தையும் ஆராய்ந்து இத்தகைய கறைகளை நீக்கவேண்டும் என்றும் வற்புறுத்தினார். மணமான பெண்களைத் தடுத்த விதிகள் 1970களின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டு வந்தன. எஞ்சியவற்றின்மீது இத்தீர்ப்பு வெளிச்சம் பாய்ச்சியது. மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில் உள்ள எர்ணாகுளத்தில், 2014ஆம் ஆண்டில் மறையும்வரை வாழ்ந்தவர் கிருஷ்ணய்யர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பது நமக்கு ஒரு கூடுதல் மகிழ்ச்சி.

இவ்விரு பெண்மணிகளின் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். ஆற்றலைக் காட்டினால் தடைகள் தாமே விலகும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அது பாதி உண்மையே. அன்னா ராஜம் ஆற்றலைக் காட்டினார். ராஜாஜியின் மனம் மாறிற்று. ஆனால் ஒருவரின் மனம் மாறுவதால் விதி மாறிவிடாது. எழுதப்பட்ட வரியை, எழுத்தினாலேயே அடித்தாக வேண்டும். அதற்கு முத்தம்மாவைப்போல் ஒருவர் எழுந்து கேட்கவும் வேண்டும். சாப்பாவுக்கு எதிராக மட்டாஞ்சேரித் தொழிலாளர் கேட்டதும் ஏறத்தாழ இதுதான்: வேலை எங்களுக்குக் கங்காணியின் கருணையாக வேண்டா, விதியின்படி உரிமையாக வேண்டும் என்பது.

விதி மாறியதன் பயனை இன்று கண்கூடாகக் காண்கிறோம். 1991ஆம் ஆண்டில் பத்மா ராமச்சந்திரன் கேரளத்தின் முதல் பெண் தலைமைச் செயலாளரானார். 2002ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் லட்சுமி பிரானேஷ் அப்பதவியை ஏற்றார். 2024ஆம் ஆண்டில் கேரளத்தின் தலைமைச் செயலாளர் வி. வேணு ஓய்வு பெற்றபோது, அவரிடமிருந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் அவருடைய மனைவி சாரதா முரளீதரன். மணந்தால் பணி இல்லை என்று எழுதிய அரசாங்கத்தில், கணவர் எழுந்த நாற்காலியில் மனைவி அமர்ந்தார். ஒருவருக்கொருவர் வெவ்வேறு மாநிலத்தில் பணியாற்றும் அதிகாரிகள் மணந்துகொண்டால், ஒரே மாநிலத்துக்கு மாற்றம் கேட்க இன்று விதி இடம் தருகிறது. குழந்தைகளைப் பேணுவதற்காக மத்திய அரசாங்கப் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு 2008ஆம் ஆண்டிலிருந்து உண்டு. விலக்குவதற்குக் காரணமாயிருந்த திருமணம், சேர்த்து வைப்பதற்குக் காரணமாகிவிட்டது.

ஆகவே வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு நாம் கூறக்கூடியது இதுவே. உங்கள் மகள் தேர்வு எழுதவேண்டும் என்றால், மணத்தைக் காட்டி மறுக்காதீர்கள். அந்த மறுப்பை அரசாங்கமே கைவிட்டு நெடுநாளாயிற்று. தமிழில் எழுதினால் மதிப்பு உண்டா என்று தயங்குவோரும் உளர். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதுவதற்கு 1979ஆம் ஆண்டு முதல் வழி உண்டு. வேற்று மாநிலத்தில் வளர்ந்து, இரண்டு மூன்று மொழிகளை வீதியிலேயே கற்ற பிள்ளைகளுக்கு, எம்மாநிலத்தில் பணி கிடைத்தாலும் அது அயல்நாடாகத் தோன்றாது. மலையாளக் கரையில் வளர்ந்த அன்னா ராஜம் தமிழ்க் குடிகளிடையே பணிபுரிந்தார். தமிழ் வீட்டில் பிறந்து மலையாளக் கரையில் வளரும் பெண், நாளை மராட்டியத்திலோ வங்கத்திலோ அவ்வாறே பணிபுரியலாம்.

2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அன்னா ராஜம் பம்பாயில் காலமானார். அவர் உருவாக்கிய துறைமுகத்தில் கப்பல்கள் இரவும் பகலும் வந்துகொண்டிருக்கின்றன. அவருக்கு வந்த ஆணையில் இருந்த வரியை மட்டும் இனி எந்தப் பெண்ணுக்கும் எவரும் எழுத முடியாது. இவ்விரண்டில் எது பெரிது என்று கேட்டால், இரண்டாவதே என்போம் நாம்.